உரையை விலைக்கு வாங்காதீர்கள்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகன் பாலிடெக்னிக்கில் இறுதி செமஸ்டர். செம்பனை (எண்ணெய்ப் பனை) உதிரிப்பழம் பொறுக்க ஒரு கருவி செய்திருக்கிறான். அதைப் பற்றி மலாயில் 10 நிமிடம் படைக்க வேண்டுமாம். பயப்படுகிறான். ஸ்லைடும் உரையும் செய்து தர டவுனில் ஒருவர் 350 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. இப்படி விற்பவர்கள் பழைய ஸ்லைடில் பெயரை மாற்றித் தருவார்கள். உரையோ உங்கள் மகன் வாயில் ஒருநாளும் வராத மலாயில் இருக்கும். மனப்பாடம் செய்தவன் ஒரு வரி மறந்தால் அங்கேயே நின்றுவிடுவான். மறக்காவிட்டாலும், கடைசியில் கேள்வி கேட்பார்களே, அதற்கு யார் எழுதித் தருவது? முன்பணம் கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அவன் பேச வேண்டியது வீட்டிலேயே இருக்கிறது. உதிர்ந்த பழத்தில் எண்ணெய் அதிகம். புல்லில் விட்டால் நட்டம். குனிந்து பொறுக்கினால் முதுகு போகிறது. இங்கிருந்தே தொடங்கட்டும். விரிவுரையாளர்கள் பலர் பனையடியில் குனிந்தே இருக்கமாட்டார்கள். பிறகு கருவி எப்படி வேலை செய்கிறது, சோதனையில் எவ்வளவு பொறுக்கியது, எது இன்னும் சரியாகவில்லை. இவற்றைச் சின்ன அட்டையில் குறிப்பாக எழுதினால் போதும்.

மனப்பாடத்துக்கு ஒரே ஒரு விலக்கு: முதல் இரண்டு வாக்கியம். படபடப்பு அதிகமாக இருப்பது அப்போதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவை வர வேண்டும். வணக்கம் இந்தக் கணக்கில் இல்லை. வணக்கத்துக்குப் பிறகு வரும் இரண்டு. மூன்றாவதையும் சேர்த்தால் பிள்ளை ஒப்பிக்கத் தொடங்கிவிடும். எண்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், அட்டையைப் பார்த்தே சொல்லலாம்.

பள்ளிப் பேச்சுப் போட்டியில் ஆசிரியர் எழுதிக் கொடுக்க, பிள்ளை ஒப்பித்துக் கோப்பை வாங்குகிறது. அதே பிள்ளையைப் பின்னர் சொந்தமாகப் பேசச் சொல்லிப் புள்ளி போடுகிறார்கள். இடையில் யார் கற்றுக்கொடுத்தார்கள்? இந்த ஓட்டையில்தான் அந்த 350 வெள்ளி வியாபாரம் நடக்கிறது.

ஸ்லைடு ஐந்தாறு போதும், ஒவ்வொன்றிலும் ஒரு படம், பெரிய எழுத்து. பென்டிரைவில் பிடிஎஃப் பிரதியும் இருக்கட்டும். வேறு கணினியில் ஸ்லைடின் எழுத்துரு சிதையலாம். வீட்டில் நின்றுகொண்டு, குரல்விட்டு, எட்டு நிமிடத்தில் முடித்துப் பழகட்டும். நீங்களே உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்கு விளங்காத இடத்தை அவன் மாற்ற வேண்டும்.

இன்னொன்று: எதற்கு எத்தனை புள்ளி என்று காட்டும் படிவத்தை விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு இல்லை.