வளைந்த ஸ்பூலை நிமிர்த்தலாமா?

கேள்வி: எங்கள் அரங்கில் 35 மி.மீ. படங்களை இன்றும் ப்ரொஜெக்டரில்தான் திரையிடுகிறோம். 2,000 அடி ஃபிலிம் கொள்ளும் இரும்பு ஸ்பூல் ஒன்று கீழே விழுந்ததிலிருந்து, சுற்றும்போது ஃபிலிமின் ஓரம் அதன் பக்கத் தகட்டில் உரசுகிறது. சுத்தியலால் தட்டிச் சரிசெய்யலாமா?

பதில்: சுத்தியலை எடுக்கவே வேண்டாம். அடி விழுந்த இடத்தில் தகடு மெலிந்து விரிந்துவிடும். பிறகு அது மீண்டும் தட்டையாவது கடினம்.

கோணல் ஸ்பூலில் இருக்கிறதா, ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் ரீவைண்டரின் தண்டில் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபிலிமை வேறு ஸ்பூலுக்கு மாற்றிவிட்டு, காலி ஸ்பூலை ரீவைண்டரில் மாட்டி, தகட்டின் விளிம்பை ஒட்டினாற்போல் ஒரு பென்சிலை அசையாமல் நிறுத்தி, கையால் மெல்லச் சுழற்றினால், தகடு எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, நேரானது என்று தெரிந்த வேறொரு ஸ்பூலை அதே தண்டில் மாட்டிப் பாருங்கள். அதுவும் ஆடினால், தண்டைச் சரிசெய்யும்வரை ஸ்பூலில் கைவைப்பது வீண்வேலை.

குறை ஸ்பூலில்தான் என்றால், அதைக் கழற்றி, நடு உருளையின் அருகே ஒரு கையால் பற்றிக்கொண்டு, உட்புறமாக வளைந்த இடத்தை மறு கையால் சிறிது சிறிதாக வெளியே வளையுங்கள். இரும்புத் தகடு விட்டதும் சற்றே பின்வாங்கும் என்பதால், வேண்டிய அளவுக்கு மேல் இம்மியளவு கூடுதலாக வளைக்க நேரும். ஒவ்வொரு முறையும் மாட்டிச் சுழற்றிப் பார்ப்பது அவசியம். இரு தகடுகளுக்கும் இடையிலான இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக, 35 மி.மீ.க்குச் சற்றே கூடுதலாக அமைய வேண்டும். வார்ப்பு அலுமினிய ஸ்பூல் வளைக்கும்போது விரிசல் விடக்கூடும் என்பதால் அதை ஒதுக்கிவிடுவதே நல்லது.

பலரும் கவனிக்காமல் விடுவது பிசிறைத்தான், அதாவது தகட்டின் விளிம்பில் துருத்தும் கூரிய உலோக முனையை. உள்விளிம்பு நெடுகப் பஞ்சை ஓட்டுங்கள். இழை சிக்கும் இடத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்து, உலோகத் தூளை ஒரு துகள்கூட விடாமல் துடைத்தெடுங்கள். அத்துகள் படத்தில் கோடு போடும். ஒலித்தடத்தில் பட்டால் கரகரப்பாகக் கேட்கும்.

வளைந்த தகடு ஒவ்வொரு சுற்றிலும் ஃபிலிமைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. அந்த இழுப்பில் அசிடேட் ஃபிலிம் அறுந்துவிடும். எளிதில் அறுபடாத பாலியெஸ்டர் ஃபிலிமில் ஓரத்துப் பல்துளைகள் சிதையும், இயந்திரமும் அடிபடும். ஆகவே நிமிர்த்திய ஸ்பூலில் முதலில் பயனற்ற ஃபிலிமைச் சுற்றிப் பாருங்கள். அதிலும் உரசல் கேட்டால், ஓடி முடிந்த படத்தைச் சுற்றிக்கொள்ளும் கீழ்ப்பக்கத்தில் அந்த ஸ்பூலை ஒருபோதும் மாட்டாதீர்கள்.