பாட்டி ஏன் தமிழுக்கு மாறுகிறார்?

அன்புள்ள ஐயா,

நாங்கள் மதுரையிலிருந்து வந்து சென்னை சூளைமேட்டில் வசிக்கிறோம். என் தாய்மொழி சௌராஷ்டிரம். மனைவி தமிழ். ஏழு வயது மகளுக்கு ஞாயிறுதோறும் சௌராஷ்டிர எழுத்தைச் சொல்லித்தருகிறேன். எனக்கே அது தட்டுத்தடுமாறித்தான் வரும். நான்காவது வாரமே அழுகை. அம்மா என்னிடம் எங்கள் மொழியில் பேசுவார், பேத்தி வந்ததும் தமிழுக்கு மாறிவிடுவார். எழுத்திலிருந்து தொடங்கியது தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தவறுதான். சொந்த எழுத்தா, தேவநாகரியா, தமிழா என்பது உங்கள் சமூகத்தில் நெடுநாள் சர்ச்சை. அதைக் குழந்தையின் தலையில் ஏற்ற வேண்டாம். கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் 2008இல் சௌராஷ்டிர எழுத்துக்கு இடம் கிடைத்தது. அந்த எழுத்தில் ‘ஹாரு’ என்றொரு குறி உண்டு; ந, ம, ர, ல ஒலிகளோடு மூச்சு சேர்ந்து வருவதைக் காட்டுவது. எனக்கு மிகப் பிடித்த குறி. ஆனால் அந்த மூச்சை உங்கள் மகள் முதலில் காதால் கேட்க வேண்டுமே. பாட்டியோ தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார்!

என் பாட்டியும் இதையேதான் செய்தார். எங்கள் வீட்டில் தெலுங்கு. நான் தமிழில் பதில் சொல்வேன். ‘பிள்ளைக்கு எதற்குச் சிரமம்’ என்று அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். இன்று கேட்டால் புரிகிறது, பேச நா எழுவதில்லை. என் ஒருவனால் தெலுங்குக்குக் குறைவில்லை. சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று 2011 கணக்கெடுப்பில் சொன்னவர்களோ 2.47 லட்சம் பேர்தான். அதிலும் வாசலில் நின்று பதில் சொல்பவர் வீட்டுப் பெரியவர். பேத்தி பேசுகிறாளா என்பது அந்தத் தாளில் ஏறாது. மதுரையில் தெருவே அந்த மொழியில் பேசும். சூளைமேட்டில் சௌராஷ்டிரா நகர் என்று பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: பேத்தி தமிழில் பதில் சொன்னாலும் அவர் மாற வேண்டாம். தண்ணீரைப் ‘பாணி’ என்றே கேட்கட்டும். திட்டுவதும் அந்த மொழியிலேயே நடக்கட்டும், அதுதான் சீக்கிரம் மனதில் நிற்கும். பங்கரபான் வடை சுடும் நாளில் முள்முருங்கை இலை ஆய மகளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள், மனைவியையும்தான். அவருக்குப் புரியாத மொழியில் எத்தனை நாள் பேசுவீர்கள்? நீங்களே தமிழுக்கு வந்துவிடுவீர்கள். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) பாடிய சௌராஷ்டிரக் கீர்த்தனைகள் வீட்டில் ஒலிக்கட்டும். அவளாகக் கேட்டால் மட்டும் பொருள் சொல்லுங்கள்.

அந்த எழுத்துப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் உட்கார்ந்து படியுங்கள்.