சந்தோஷம் வந்தால் ஏன் உள்ளே பதறுகிறது? மனநல ஆலோசகரிடம் கேள்வி பதில்

அக்காவுக்கு மனச்சோர்வு. அவளுக்குப் பிடிக்குமே என்று அதிரசம் வாங்கிப் போனேன். ஒரு வாய் கடித்ததும் முகம் மலர்ந்தது, உடனே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். என்மேல் கோபமா, மேடம்?

இல்லை தம்பி. அந்த முகம் மலர்ந்ததை நீங்கள் கவனித்தீர்களே, அதுதான் முக்கியம். மனச்சோர்வில் பலருக்கு ருசியே மரத்துப்போகும். சிலருக்கு மட்டும் சந்தோஷம் எட்டிப் பார்க்கும், வந்ததுமே அவர்களே கதவைச் சாத்திவிடுவார்கள். அப்பா சிரித்துப் பேசிய அன்றே ராத்திரி அடி விழும் வீட்டில் வளர்ந்திருந்தால், நல்ல நேரம் என்பதே அடுத்து ஏதோ வரப்போகிறது என்பதற்கு அடையாளமாகிவிடும், அப்புறம் நாற்பது வயதிலும் உடம்பு அதை மறக்காது. இன்னும் சிலர், சோகத்தில் இருக்கும்போது அடி விழுந்தால் வலி குறைவு, உயரத்திலிருந்து விழுந்தால்தான் தாங்காது என்று கீழேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். வினர், சேலம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் இதைத்தான் எழுதினார்கள்: இவர்கள் நல்ல விஷயங்களைப் பார்க்கத் தவறுவதில்லை, பார்த்துவிட்டு விலகுகிறார்கள்.

என்னை ஆபீஸில் பாராட்டினார்கள். "இது எத்தனை நாளைக்கு, எனக்கென்ன தகுதி" என்றுதான் மனசு ஓடியது.

எரிகிற அடுப்பில் நாமே தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இது. அந்த எண்ணம் வருவதைத் தடுக்க வேண்டாம், "சரி, வந்துவிட்டது" என்று அடையாளம் கண்டுகொண்டாலே அதன் பிடி கொஞ்சம் தளரும்.

ரொம்பச் சிரித்தால் அழ வேண்டி வரும் என்பார் பாட்டி. அதனால்தானா?

அது மட்டும் நோயைக் கொண்டுவராது. ஏற்கெனவே பயந்திருக்கிற மனசுக்கு அது ஒரு சாட்சியாகிவிடும், அவ்வளவுதான்.

சரி, வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

"சந்தோஷமா இரேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது அவர்களுக்கு இன்னொரு தோல்வியாகத்தான் கேட்கும். கலிபோர்னியாவில் மிஷெல் கிராஸ்க் குழுவினர் நல்ல உணர்வுகளையே குறிவைத்து ஒரு சிகிச்சை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பயிற்சி: பிடித்த ஒன்றைச் சின்னதாகச் செய்துவிட்டு, கண்ணை மூடி, அந்த நொடி இப்போது நடப்பதுபோலச் சொல்லிப் பார்ப்பது. டம்ளர் சூடு விரலில் தெரிகிறது, இஞ்சி வாசனை வருகிறது, இப்படி. முதல் நாள் பத்து நொடி தாங்கினாலே போதும், பதறினால் நிறுத்திவிடலாம். மனநல மருத்துவரையும் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தால் அன்றைக்கே 14416-க்கு அழையுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில் தமிழில் பேசுவார்கள், உதவி கிடைக்கும்வரை அவரைத் தனியாக விடாதீர்கள்.

தம்பி, அதிரசத்தை மறுபடி வாங்கிப் போங்கள். சாப்பிடச் சொல்லாமல் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்களும் சும்மா உட்காருங்கள்.