பூத்தும் காய்க்காத தாட்பூட் கொடி

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்து வேலியில் மஞ்சள் தாட்பூட் பழக் (பேஷன் ஃப்ரூட்) கொடிகள் பன்னிரண்டு உள்ளன. எல்லாமே உறவினர் வீட்டுக் கொடி ஒன்றிலிருந்து வெட்டி வந்த குச்சிகள். பூ நிறையப் பிடித்தும் ஒன்றுகூடக் காயாகாமல் உதிர்கிறது. பக்கத்துத் தோட்டத்து ஊதாக் கொடி மட்டும் நன்றாகக் காய்க்கிறது. உரம் போதவில்லையா?
– ஒரு வாசகி, தாண்டிக்குடி

பதில்: உரத்தின் மேல் பழி போட வேண்டாம். ஊதா வகை தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். மஞ்சள் வகை தன் மகரந்தத்தை ஏற்காது. ஒரே தாய்க்கொடியின் குச்சிகள் என்பதால் தங்களுடைய பன்னிரண்டும் உண்மையில் ஒரே கொடிதான். பக்கத்து ஊதாக் கொடியும் உதவாது. அது விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ள, மஞ்சள் பூவோ நண்பகலை ஒட்டித்தான் விரியும்.

ஆகவே விதையிலிருந்து வளர்ந்த வேறு மஞ்சள் கொடிகள் சிலவற்றை இடையிடையே நடுங்கள். அவை பூக்கும்வரை, வேறு தோட்டத்து மஞ்சள் கொடியில் அன்று விரிந்த பூக்களைப் பறித்து வந்து கையால் மகரந்தம் சேர்க்கலாம். பூ விரிந்ததும் அதன் மூன்று சூலகமுடிகளும் (மகரந்தத்தை ஏற்கும் நுனிகள்) மேல்நோக்கி நிற்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவை வளைந்து மகரந்தப்பைகளின் மட்டத்துக்கு இறங்கிவரும். அப்போது பறித்து வந்த பூவின் மகரந்தப்பையை மூன்று முடிகளிலும் மெல்லத் தேய்த்து, எது ஒட்டியது என்று பிறகு அறியக் காம்பில் நூல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். ஒரு முடியோடு நிறுத்திவிடாதீர்கள்: ஒவ்வொரு விதையைச் சுற்றியும்தான் சாற்றுப்பை உருவாகிறது என்பதால், மகரந்தம் குறைந்தால் காய் பிடித்தாலும் உள்ளே பாதி வெறும் தோடாகவே இருக்கும். சில பூக்களில் முடி வளையவே வளையாது, அவற்றை விட்டுவிடுங்கள். நனைந்த மகரந்தம் வெடித்து வீணாகும் என்பதால், மழை இறங்கும் பிற்பகலில் இந்த வேலை பலிக்காது. நம் மலையில் அது சற்றுத் தொல்லைதான்.

கனமும் பிசுபிசுப்பும் உள்ள இந்த மகரந்தத்தைக் காற்று சுமக்காது. தேனீ உருவில் சிறியது என்பதால் பெரும்பாலும் முடியைத் தொடாமலே மகரந்தத்தை வாரிச் சென்றுவிடும். முதுகு உரசும் அளவுக்குப் பெரிய கருவண்டுதான் இதற்கு ஏற்றது. அது பட்ட மரத்திலும் காய்ந்த மூங்கிலிலும் துளையிட்டுக் குடியிருக்கும். வேலியோரத்தில் அப்படி ஏதேனும் இருந்தால் விறகுக்கு வெட்டாமல் விட்டுவையுங்கள். பூ விரிந்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்தும் தெளிக்காதீர்கள்.