தள்ளுபடியை விழுங்கும் டெலிவரி கட்டணம்

60 சதவீதத் தள்ளுபடியில் கோட் கிடைத்தது, ஆனால் டெலிவரி கட்டணம் மட்டும் அதன் விலையில் பாதி. இலவச டெலிவரிக்காக ஒரு சட்டையையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டை உண்மையிலேயே தேவையில்லை என்றால் சேர்க்காதீர்கள்.

கோட் இடத்தை அடைக்கும் பொருள். கூரியர் நிறுவனங்கள் தராசை மட்டும் நம்புவதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள். 40, 30, 15 என்ற அளவுள்ள பெட்டிக்கு 3.6 கிலோ என்று வரும். உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோ கோட்டாகவே இருந்தாலும், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். கடைக்காரர் விலையைக் குறைக்கலாம், பெட்டி குறையாதே!

சட்டையைச் சேர்த்தாலும் இலவசம் உறுதியில்லை. பல தளங்கள் கூப்பன் கழித்த பிறகு வரும் தொகையைத்தான் வரம்புக்குக் கணக்கில் எடுக்கின்றன. இரண்டும் வெவ்வேறு விற்பனையாளர்களுடையவை என்றால் தனித்தனிக் கட்டணம் விழக்கூடும். பிறகு சட்டையைத் திருப்பி அனுப்பிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். தொகை வரம்புக்குக் கீழே இறங்கினால், விட்டுக்கொடுத்த டெலிவரி கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும் கடைகள் இருக்கின்றன.

வெளிநாட்டுக் கடையா என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படியென்றால், பல நாடுகளில் சுங்கவரி பொருளின் விலையோடு டெலிவரி கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது.

கோட்டில் தோள் அளவு பிசகுவது சகஜம். ஆகவே பணம் கட்டுமுன் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று பாருங்கள். கடையில் நேரில் பெற்றுக்கொள்ளும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.