வலி நின்ற பல்லுக்கும் ரூட் கேனால் வேண்டுமா?

கேள்வி: வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை. போன மாதம் ராத்திரி படுத்தாலே உயிர் போகிற வலி. டாக்டர் கொடுத்த மாத்திரைகளை ஐந்து நாள் சாப்பிட்டேன், இப்போது வலியே இல்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு ரூட் கேனால் செய்து, பல்லுக்கு மேல் கேப் (உறை) போடச் சொல்கிறார். மாமியாரோ, "அந்த வலியை யார் தாங்குவது, பிடுங்கிப் போட்டுவிடு" என்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, திருவள்ளூர்

பதில்: வலி இப்படி நின்றதுதான் எனக்குக் கவலை. பல்லுக்கு நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த மெல்லிய சதை இருக்கிறது. சொத்தை அதுவரை போனால் அது வீங்கப் பார்க்கும், சுற்றிலும் கெட்டியான சுவர் என்பதால் வீங்க இடம் கிடையாது, அதனால்தான் அப்படி வலிக்கிறது, படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடுவதால் இன்னும் மோசம். கொஞ்ச நாளில் அந்தச் சதை செத்துவிடும். அப்புறம் வலி தெரியாது, ஆனால் கிருமி உள்ளேயே இருந்து வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். ஆன்டிபயாடிக் ரத்தத்தோடு போகிற மருந்து. ரத்த ஓட்டமே இல்லாத இடத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? வெளியே பரவிய வீக்கத்தை அடக்கும், அவ்வளவுதான்.

மாமியாரின் பயம் நியாயமானதே. ஆனால் மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்வார்கள், முடிந்தபிறகு இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது கொஞ்சம் வலிக்கலாம். ரூட் கேனால் என்பது அந்தச் சதை இருக்கும் வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பதுதான். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று குழாய்கள், சிலருக்கு நான்கு. ஒவ்வொன்றையும் மெல்லிய அரத்தால் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் கழுவி, கட்டா பெர்ச்சா வைத்து அடைப்பார்கள். மலேயா பக்கத்து மரத்தின் பாலிலிருந்து வருவது அது, ஒரு காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் அதே பொருளால்தான். ஒரு குழாயை விட்டாலும் கிருமி திரும்பும் என்பதால் டாக்டர் நேரம் எடுத்துக்கொண்டால் அவசரப்படுத்தாதீர்கள்.

பிடுங்குவது சுலபம், ஆனால் பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாயும், மேல்பல் கீழே இறங்கும். வேர் நெடுக விரிசல் விட்டிருந்தாலோ, ஈறுக்குக் கீழே ஆழமாக அரித்திருந்தாலோ பிடுங்கத்தான் வேண்டும். உங்கள் டாக்டர் காப்பாற்றலாம் என்கிறார், ஆகவே இந்த மாதமே செய்துவிடுங்கள். செலவு தடை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். இடையில் கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டமாக இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே குடைந்த பல்லுக்குச் சுவர் மெலிந்திருக்கும். வலி போனதும் அப்படியே விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து முறுக்கு கடித்துப் பல் இரண்டாகப் பிளந்து வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன், அந்தப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.