ஸ்னோபோர்டிங் எப்படித் தொடங்கி வளர்ந்தது? அது ஸ்கீயிங்கின் ஒரு வகைதானே?

இல்லை. இரண்டும் பனிமலையில் நடப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் ஸ்னோபோர்டிங், கடல் அலையில் பலகைமேல் நின்று சறுக்கும் சேர்ஃபிங்கிலிருந்து பிறந்த விளையாட்டு. அதன் வரலாற்றில் நடந்த சண்டைகளும் அந்தப் பிறப்பால் வந்தவைதான்.

நான் பொத்துவில்காரன். அறுகம்பையின் உல்லைக் கடற்கரையில் சேர்ஃபிங் பழக்குகிறேன். பனியை நேரில் கண்டதில்லை. ஆனால் அறுகம்பையில் அலை நன்றாக எழும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் ஐரோப்பிய மலைகளில் பனி குறைவு. அதனால் குளிர்காலத்தில் அங்கே ஸ்னோபோர்டிங் பழக்குகிறவர்கள் சிலர் இங்கே அலைக்கு வருகிறார்கள். அவர்கள் பலகையில் ஏறி நிற்கும்போதே தெரிந்துவிடும், இது பழகிய கால் என்று. அவர்களோடு பேசிப் பேசித்தான் இந்த விளையாட்டின் கதையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

ஸ்கீயிங்கில் காலுக்கு ஒன்றாக இரண்டு கட்டைகள், கையில் இரண்டு கோல்கள், முகம் நேரே முன்னால். ஸ்னோபோர்டிங்கில் ஒரே பலகை. பக்கவாட்டாக நின்று, உடம்பின் பாரத்தைக் குதிக்காலுக்கும் கால்விரலுக்கும் மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். நான் பிள்ளைகளுக்கு இங்கே சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். இடது கால் முன்னால் இருந்தால் ரெகுலர், வலது கால் என்றால் கூஃபி. அங்கேயும் அப்படியேதான் சொல்கிறார்கள்.

1965 நத்தார் தினத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் ஊரில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியியலாளர், தன் மகள்மாருக்காக இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துப் பூட்டினார். அதில் நின்றபடியே அலையில் போவதுபோலச் சரிவில் இறங்கலாம். அடுத்து பிரன்ஸ்விக் கம்பனி அதை ஸ்னர்ஃபர் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இலட்சக்கணக்கில் விற்றது. நுனியில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது, காலைப் பூட்ட ஒன்றும் இல்லை. பாப்பனுக்கு முன்பே, 1963இல், நியூ ஜெர்சியில் டொம் சிம்ஸ் என்ற மாணவன் பள்ளிக்கூடத் தச்சு வகுப்பில் பனிக்கு ஒரு பலகை செய்திருந்தான். ஸ்கேட்போர்டில் பைத்தியமான பொடியன், குளிர்காலத்திலும் சறுக்க ஆசைப்பட்டான். 70களில் டிமிட்ரி மிலோவிச் யூட்டா மலைகளுக்காகச் சேர்ஃப் பலகையின் வடிவத்தில் வின்டர்ஸ்டிக் பலகைகளைச் செய்தார். ஆக, ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது.

இதை விளையாட்டாக்கியதில் பெரிய பங்கு ஜேக் பர்ட்டனுடையது என்பேன். 1977இல் வெர்மான்ட்டில் கம்பனி தொடங்கினார். 1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்குக் காலைப் பலகையோடு பூட்டும் பட்டி போட்ட பலகையோடு போனார். மற்றவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் அவருக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள், அதில் போட்டியிட்டவர் அவர் ஒருவரே. அந்தப் பட்டி ஏன் அவ்வளவு முக்கியம்? அலையில் தண்ணீர் பலகையை மேலே தூக்கிக் காலோடு ஒட்டவைக்கும். இறுகிய பனியில் அந்த உதவி இல்லை. கால் பூட்டப்பட்டிருந்தால்தான் பலகையின் விளிம்பைச் சரித்துப் பனியில் கடிக்கவைத்துத் திரும்ப முடியும். பிறகு விளிம்புக்கு உருக்குப் பட்டையும் குதிக்காலுக்குப் பின்னால் உயரமான தாங்கியும் வந்தன. இறுகிய சரிவிலும் இறங்கலாம் என்றானது அதன் பிறகுதான்.

ஆனால் இறங்க இடம் வேண்டுமே. 80களின் தொடக்கத்தில் பெரும்பாலான ஸ்கீ மைதானங்கள் இவர்களை உள்ளே விடவில்லை. காப்புறுதிப் பிரச்சினை, ஸ்கீ போடுகிறவர்களின் பாதைக்குக் குறுக்கே வருகிறார்கள் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். உண்மையில் அந்த இளைஞர்களின் உடையும் போக்கும் பலருக்குப் பிடிக்கவில்லை. 1983இல் வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலை கதவைத் திறந்தது. அதே வருடம் கலிபோர்னியாவின் சோடா ஸ்பிரிங்ஸில் டொம் சிம்ஸ் ஒரு உலகப் போட்டி நடத்தினார். பனியில் அரைக்குழாய் வடிவத்தில் வெட்டிய ஹாஃப்பைப்பும் அதில் ஒரு பிரிவு. அது ஸ்கேட்போர்டிலிருந்து வந்தது. ஸ்கீ கூட்டம் பெருகாமல் நின்ற காலத்தில் இந்தப் பிள்ளைகளின் காசு தேவைப்பட்டது, 90களில் பெரும்பாலான கதவுகள் திறந்தன. யூட்டாவின் ஆல்ட்டா, டீர் வேலி, வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்றும் அதற்குப் பிறகும் பிடிவாதமாக மறுத்தன. ஒரு மலையில் இறங்க ஒரு பலகையா இரண்டா என்று பார்த்து ஆளை நிறுத்துவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

1998இல் யப்பானின் நகானோவில் ஸ்னோபோர்டிங் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. அங்கேயும் தகராறு. ஸ்னோபோர்டர்களுக்குச் சொந்தச் சம்மேளனம் இருக்க, பொறுப்பை ஸ்கீ சம்மேளனத்திடம் கொடுத்தார்கள். அன்றைய ஹாஃப்பைப் நாயகன், நோர்வேயின் டெரியே ஹாகன்சன், போட்டியிட மறுத்துவிட்டார். என் மனதுக்கு அவர் செய்தது சரி. அப்புறம் 2006இல் பலர் ஒன்றாக இறங்கிப் பந்தயம் ஓடும் ஸ்னோபோர்ட் கிராஸ், 2014இல் தடைகள் வைத்த சரிவில் வித்தை காட்டும் ஸ்லோப்ஸ்டைல், 2018இல் ஒரே பெரிய தாவலில் வித்தை காட்டும் பிக் எயர் என்று பிரிவுகள் கூடின. இதில் ஒரு வேடிக்கை: பிள்ளை ஒலிம்பிக்குக்குப் போய் 23 வருடம் கழித்துத்தான் தாய் போனாள். சேர்ஃபிங் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது 2021இல், டோக்கியோ போட்டிகளில்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் பெண்கள். நகானோவில் முதல் நாளிலிருந்தே ஆண்களுக்கு இருந்த பிரிவுகள் பெண்களுக்கும் இருந்தன. ஸ்கீ ஜம்பிங்கில் பெண்கள் 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி ஜேக்கபெல்லிஸ் 2006 ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்ட் கிராஸில் முன்னணியில் வந்தும், முடிவுக்கு அருகே ஒரு தாவலில் பலகையைப் பிடித்து அழகு காட்டப்போய் விழுந்து தங்கத்தை விட்டார். 2022இல், 36 வயதில், அதே ஸ்னோபோர்ட் கிராஸில் தங்கம் எடுத்தார். 2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென்று ஒரு சேர்ஃப் கழகம் தொடங்கிய ஊரில் இருப்பவன் என்பதால், இந்தக் கதையை இங்கே அலைக்கு வரும் ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் சொல்கிறேன்.

ஸ்னோபோர்டிங் எப்படி இருக்கும் என்று உடம்பால் அறிய ஆசை என்றால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு வழி உண்டு. பாசிக்குடா சரிவராது, அங்கே கடல் குளம்போலக் கிடக்கும். சீசனில் உல்லைக்கு வாருங்கள். பேபி பொயின்ட்டில் அலை சிறியது. ஒரு பெரிய பலகையை வாடகைக்கு எடுத்து, முதலில் மணலில் வைத்து எழும்பிப் பக்கவாட்டாக நிற்கப் பழகிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குங்கள்.